இடது பக்கத்துச் சக்கரம்

என் தம்பியிடமிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவன் வேறு யாருமில்லை, அவன் பெற்ற மகன்தான். போலீஸ்காரன் பிடுங்கியிருந்தால்கூட நான் போய் நாலு வார்த்தை ஞாயம் பேசி மீட்டுக்கொண்டு வந்திருப்பேன். மகனே பிடுங்கினால் அத்தைக்காரி என்ன செய்வாள்? சத்தம் போட்டேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

என் பெயர் விஜயலக்ஷ்மி. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எங்கள் வீடு. மாடியில் நான். கீழே தம்பி முத்துகிருஷ்ணன், அவன் பெண்டாட்டி சுந்தரி, மகன் பிரவீண். எல்லோரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்தான். வீட்டுக்குள் திருநெல்வேலிப் பேச்சு, வாசலைத் தாண்டினால் வங்காளம். பிரவீண் மட்டும் எந்த பாஷையிலும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல மாட்டான்.

மளிகைக் கடையை மூடிய பிறகு முத்து ஒரு டிபன் டிரெய்லர் போட்டான். ஜீப்புக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற பெட்டி வண்டி. உள்ளே காஸ் அடுப்பு, தோசைக்கல், இட்லிக் கொப்பரை எல்லாம் உண்டு. சமையல் சுந்தரி கை. வண்டி முத்து கை. விடிந்ததும் விடியாததுமாக டாலிகஞ்ச் ஸ்டூடியோ தெருவில் கொண்டுபோய் நிறுத்துவான். லைட் தூக்குகிறவர்களும் மேக்கப் போடுகிறவர்களும் "தாதா, இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று அண்ணன் முறை சொல்லி வங்காளத்தில் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொள்வார்கள். அந்த வண்டிக்குப் பிறகுதான் என் தம்பி முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கடை மூடியிருந்த காலத்தில் வாசற்படியில் உட்கார்ந்து போகிற வருகிற ஆட்டோவை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவன் அவன்.

டிரெய்லரில் முதலில் இருந்தது சின்னச் சக்கரம். ஜீப்பில் இருந்தது பெரிய சக்கரம். டிரெய்லர் டயர் பஞ்சரானால் ஜீப்பின் ஸ்டெப்னி அதற்குச் சேராது. ஓட்டை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம் நிற்கும். இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முத்து சொல்லிக்கொண்டே இருந்தான். செய்வதற்குள் ஒரு நாள் ராஷ்பிஹாரி சந்திப்பில் டிரெய்லரின் ஒரு சக்கரம் அச்சோடு முறிந்து கழன்றுகொண்டது. வண்டிக்கு முன்னால் அது தனியாக ஓடிப்போய் ஒரு பழக்கூடையில் முட்டி நின்றதாம். நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. முத்துவுக்கு மட்டும் நெற்றியில் நாலு தையல்.

சுந்தரிக்கு அந்தச் செய்தி போனில் வந்தது. போனைக் கீழே வைத்தவள் சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் போயிற்று. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பாள் என்று முத்துவே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டான்.

அப்போதுதான் அவன் பிடிவாதமாக ஒரு காரியம் செய்தான். டிரெய்லருக்கும் ஜீப்புக்கும் ஒரே சக்கரம் போடுவது என்று தீர்மானித்தான். கஸ்பாவில் கராஜ் வைத்திருக்கும் ஹாருதாவைப் பிடித்தான். சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது, சக்கரம் உட்காருகிற ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார் அவர். உடைத்துப்போட்ட ஒரு பழைய ஜீப்பிலிருந்து இரண்டு பக்கத்து ஹப்பும் கிடைத்தன. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். ஹப்பில் ஐந்து போல்ட், சக்கரத்தில் ஐந்து ஓட்டை. ஹாருதா அளவு பார்த்தார், கழற்றினார், மறுபடி அளவு பார்த்தார். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் ஆகாதாம்.

"ஏல, ஒனக்குப் பொண்ணு பாத்தப்பகூட இவ்வளவு பொருத்தம் பாக்கலியேல" என்றேன்.

"பாத்திருந்தா சுந்தரி தப்பிச்சிருப்பா" என்றான். ஹாருதாவுக்கு நான் அதை வங்காளத்தில் சொன்னதும் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கடைசியில் சக்கரம் போல்ட்டில் போய் உட்கார்ந்தது பாருங்கள், தூக்குச்சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. ஜாக்கியில் தூக்கிவைத்துச் சுற்றிவிட்டால் சத்தமே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஜீப்புக்கு நாலு பழமா, டிரெய்லருக்கும் சேர்த்து ஆறா என்று சுந்தரிக்கும் எனக்கும் வாக்குவாதம். ஆறுதான் வைத்தாள்.

மறுநாளிலிருந்து சுந்தரி ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டாள். காலையில் விளக்கேற்றிவிட்டு, வீல் ஸ்பேனருக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். டிரெய்லரைப் பிரதட்சணமாகச் சுற்றி வந்து, ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை மாட்டி, "முருகா" என்று சொல்லி வலது பக்கமாக ஒரு முடுக்கு முடுக்குவாள். வலம்தான், எல்லாமே அவளுக்கு வலம்தான். மாவு கரைப்பதும் வலம், ஆரத்தி சுற்றுவதும் வலம். இடமாகச் சுற்றுவது இழவுக் காரியங்களுக்கு என்பாள். அவள் முடுக்கி முடிக்காமல் முத்து வண்டியை எடுக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அன்றிலிருந்து அவள் தூங்கினாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் கழித்து சுந்தரி ஒரு புதுப் புலம்பலை ஆரம்பித்தாள்.

"மதினி, நீங்களே வந்து பாருங்க. வலது சக்கரத்து நட்டெல்லாம் கல்லு மாதிரி நிக்கி. இடது சக்கரத்துல தினமும் இளகிக் கெடக்கு. கொஞ்சம் அழுத்துனதும் கடகடன்னு சுத்துது. நான் முடுக்கலேன்னா என்ன ஆவும்?"

"முத்துகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். பாத்துக்கிடுதேங்காக. என்னத்தப் பாக்காகளோ! முன்ன மாதிரி இல்ல மதினி இவுக. மறந்து மறந்து போறாக."

இதையே அவள் பிரவீணிடமும் சொன்னாள். தினமும் சொன்னாள். பயத்தில் சொன்னதுதான், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் ஆபீஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு முகத்தைச் சுளிப்பான்.

பூஜைப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் முத்துவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். ஸ்டூடியோவில் வேலை மும்முரமாக நடக்கிற சமயம். பிரவீண் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். சுந்தரி வழக்கம்போல நட்டு முடுக்கி அனுப்பினாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் டாலிகஞ்ச் மெட்ரோவைத் தாண்டும்போது பின்னால் டிரெய்லர் தலையாட்ட ஆரம்பித்தது. பிரவீண் ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது சக்கரத்தில் ஒரு நட்டு இல்லவே இல்லை. மிச்ச நாலும் விரலால் சுற்றுகிற பதத்தில் இருந்தன. கொஞ்சம் அசந்திருந்தால் சக்கரம் போயிருக்கும். பக்கத்திலேயே பஸ் ஸ்டாப். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிற நேரம் வேறு.

வீட்டுக்கு வந்தவன் நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனான்.

"அப்பா, நீங்க கடைசியா எப்ப அத டைட் பண்ணீங்க? ஞாபகம் இருக்கா? அம்மா டெய்லி சொல்றாங்க லூஸா இருக்குன்னு. டெய்லி! யாராவது செத்திருப்பாங்கப்பா."

முத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். சுந்தரியைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இனிமே நீங்க ஓட்ட வேண்டாம். நான் டிரைவர் போடறேன். ஒரு டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கறேன். மெமரி டெஸ்ட் பண்ணுவாங்க. ப்ளீஸ், நோ சொல்லாதீங்க."

"சரி" என்றான் முத்து. தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான்.

நான் விட்டேனா? "ஏல பிரவீணு, ஒங்கப்பனுக்கு மறதியா? எனக்கு ஆறு வயசுல காதுகுத்து வச்சப்ப யாரு யாரு என்ன பலகாரம் கொண்டாந்தாங்கன்னு அம்மா சொன்னதக் கேட்டு இன்னிக்கும் ஒப்பிப்பான்ல அவன்! அவனுக்கா டெஸ்டு?" என்று கத்தினேன். முத்து என் கையைப் பிடித்து, "விடுக்கா" என்றான். பெற்ற மகன் முன்னால் புத்தி பிசகியவன், கோட்டிக்காரன் என்று பட்டம் வாங்கிக்கொண்டு இப்படியா ஒருத்தன் சும்மா இருப்பான்? ஒருவேளை நிஜமாகவே மறதி வந்துவிட்டதோ என்று எனக்கும் பயம் தட்டியதை மறைக்க மாட்டேன்.

காய்ச்சல் விட்ட பிறகு அவன் பழையபடி வாசற்படிக்கே வந்துவிட்டான். பிரவீண் ஏற்பாடு செய்த டிரைவர் வருவதாகச் சொன்ன அன்று, நான் விடியற்காலையில் பால்கனியில் துணி எடுக்க வந்தேன். கீழே சுந்தரி ஸ்பேனரோடு வந்தாள். சுற்றினாள், "முருகா" சொன்னாள், முடுக்கினாள், ஸ்பேனரை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும் தூணுக்குப் பின்னாலிருந்து முத்து வந்தான். திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடது சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, அதே ஸ்பேனரை மாட்டி, இடது பக்கமாகச் சுற்றினான். ஒவ்வொரு நட்டாக, பலங்கொண்ட மட்டும் சுற்றினான்.

பெண்டாட்டி முடுக்கிவிட்டுப் போகிறாள், இவன் கழற்றுகிறான்! மகன்மேல் இருக்கிற ஆத்திரத்தில் டிரைவரைக் கொல்லப் பார்க்கிறானா, அல்லது மகன் சொன்னதுதான் சரியா? தலைமுடியைக்கூட அள்ளிச் செருகாமல் இறங்கி ஓடினேன்.

"ஏல! என்னல பண்ணுத? கழத்துதியா?"

அவன் திடுக்கிட்டு, "சத்தம் போடாதக்கா, அவளுக்குக் கேட்டுரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். என்ன உளறுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து ஸ்பேனரில் வைத்தான். "சுத்திப் பாரு."

இடது பக்கம் சுற்றினேன். அசையவில்லை. இரும்பு இரும்பாக நின்றது.

"இது பழைய ஜீப்பு ஹப்புக்கா. இந்தப் பக்கத்து நட்டு மரை உல்டா. இடது பக்கம் சுத்துனாத்தான் முடுக்கும், வலது பக்கம் சுத்துனா கழலும். வண்டி ஓடையில தானா இளகக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படிப் பண்ணி வச்சிருக்கான். ஹாருதா அன்னைக்கே சொன்னாரு."

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. சுந்தரி தினமும் முருகன் பேரைச் சொல்லிக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். கழன்றதால்தான் அது கடகடவென்று சுற்றியிருக்கிறது. சுற்றியதால் இளகிக் கிடப்பதாக அவள் பயந்து இன்னும் ஒரு சுற்று சுற்றியிருக்கிறாள். இவன் தினமும் பின்னாலேயே போய் மாற்றி முடுக்கியிருக்கிறான். காய்ச்சலில் படுத்த நாட்களில் மாற்றி முடுக்க ஆள் இல்லை.

"ஏல, அவகிட்ட சொல்லதுக்கு என்ன?"

"மொத நாளே சொல்ல வாயெடுத்தேன். 'நேத்து ராத்திரிதான் நல்லா ஒறங்குனேன்'னா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிக்கா சொல்லுவேன்? மறுநா சொன்னா, நேத்தே ஏன் சொல்லலம்பா. அப்படியே போயிட்டு. இப்பச் சொன்னா அவ தாங்க மாட்டா. பிள்ளையவே சாவக் குடுக்கப் பாத்தேன்னு ஒடஞ்சு போயிருவா. நான் மறதிக்காரனா இருந்துட்டுப் போறேன்."

என் தம்பியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. எனக்கு அழுகை வந்தால் முதலில் வருவது கோபம்தான்.

"அட கோட்டிக்காரா! கூறுகெட்டவனே! அவ கழத்துனத நீ சொமக்கியா? அந்தச் சவத்து டாக்டர்கிட்டப் போயி இன்னைக்கு என்ன கிழமன்னு கேட்டா பதில் சொல்லிட்டு இருப்பியா? ஒரு வார்த்த, ஏளா, இந்தப் பக்கம் உல்டான்னு ஒரு வார்த்த!"

டிரங்க் கால் காலத்தில் கட்டாக்குக்கும் அசன்சோலுக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய தொண்டை இது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை. திரும்பிப் பார்த்தால் நடைவாசலில் இட்லித் துணியைக் கையில் பிடித்தபடி சுந்தரி நின்றாள்.

"நானா கழத்துனேன்?" என்றாள்.

அவள் மெதுவாக வந்து சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஸ்பேனரை மாட்டி வலது பக்கம் அழுத்தினாள். நட்டு இளகிச் சுற்றியது. கையைச் சுட்டுக்கொண்டவள்போல ஸ்பேனரை விட்டுவிட்டாள்.

"இதுலதான் எம்புள்ளய அனுப்புனேனா? தினமும் ஒங்கள..." வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். சந்து முழுக்கக் கேட்டது. "பிரவீணு!"

பிரவீண் பல் துலக்கிக்கொண்டே ஓடி வந்தான்.

"சாவிய அப்பாகிட்ட குடு. ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் மறக்கல. நான்தான் கழத்துனேன். நான் கழத்துனத அவுக தினமும் முடுக்கியிருக்காக. நான் அவுகளயே கொற சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் நட்டைச் சுற்றிக் காட்டி விளங்கவைத்தேன். விளங்கியதும் அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். "டாக்டர்கிட்டகூட வரேன்னு சொன்னீங்களேப்பா" என்றான். கண் கலங்கிவிட்டது அந்தப் பயலுக்கு. ஓடிப்போய் சாவியை எடுத்து வந்து நீட்டினான். முத்து வாங்கிக்கொண்டான்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். சுந்தரி எழுந்து ஸ்பேனரை டிரெய்லருக்கு அடியில் தள்ளிவிட்டாள். "இனிமே இதத் தொட மாட்டேன். எம்மேல சத்தியமாத் தொட மாட்டேன். நீங்களே பாத்துக்கிடுங்க" என்று உள்ளே திரும்பினாள்.

"அப்ப எனக்கும் இது வேண்டாம்" என்று சாவியை மட்கார்டு மேல் வைத்தான் முத்து.

எங்கள் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது.

"அப்பா, இப்ப என்ன..."

"நீ சும்மா இரு. ஏளா சுந்தரி, ராஷ்பிஹாரியில சக்கரம் கழண்டு ஓடுச்சே, அன்னையிலேர்ந்து நீ மட்டுமா பயந்துகிட்டு இருக்க? ஸ்டியரிங்கப் பிடிச்சா எனக்குக் கை வேர்க்கும். பள்ளத்துல ஏறி எறங்குனா நெஞ்சு அடைக்கும். ஒங்கிட்டச் சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. நீ தினமும் சுத்தி வந்து முருகன் பேரச் சொல்லித் தொடுவ பாரு, அதுக்கப்புறம்தான் எனக்கு வண்டியில ஏறத் தைரியம் வரும். ஒனக்காகத்தான் சொல்லாம இருந்தேன்னு அக்காகிட்டச் சொன்னேன். அது பாதிப் பொய். நீ நிறுத்திருவியோன்னு பயந்துதான் சொல்லல."

சுந்தரி நின்றுவிட்டாள்.

"நான் தொட்டதெல்லாம் கழண்டுல்லா போச்சு" என்றாள் அழுதுகொண்டே.

"கழண்டா நான் முடுக்கிக்கிடுவேன். நீ தொடாட்டி என்னால ஓட்ட முடியாது."

உள்ளே அடுப்பில் இட்லிக் கொப்பரை ஆவியில் தடதடத்துக்கொண்டிருந்தது. நான் போய் அணைத்திருக்கலாம். விட்டுப் போக மனசு வரவில்லை. பிறகு அவள் குனிந்து டிரெய்லருக்கு அடியில் கையை விட்டு ஸ்பேனரை எடுத்தாள். முந்தானையில் மண்ணைத் துடைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

முத்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைமேல் கை வைத்துக் காட்டினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சுந்தரி எதையும் இடது பக்கமாகச் சுற்றி நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்றாள். சுற்றினாள். இளகியிருந்த நட்டு ஏறியது, பிறகு நின்றது. அவள் இன்னும் அழுத்திப் பார்த்தாள்.

"நிக்கி" என்றாள்.

மிச்ச நாலையும் அவளே முடுக்கினாள். எனக்கு அழுகை வந்தது, சந்து என்று பார்க்காமல் அழுதேன். பிரவீண் மட்கார்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். முத்து மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.